காயத்துக்குள்ள ஊத்தின கிருமிநாசினி

கிருமிநாசினிப் போத்தல்களில "வெளிப்பாவனைக்கு மட்டும்" எண்டு எழுதியிருக்கும். நாங்கள் யாரும் அதை நின்று வாசிக்கிறதில்லை. நிலத்திலயும் மேசையிலயும் இருக்கிற பற்றீரியாவைக் கொல்லுற திரவம், உடம்புக்குள்ள இருக்கிற அதே பற்றீரியாவை ஏன் கொல்லக்கூடாது? சின்னப்பிள்ளைக் கேள்விதான். ஆனா ஐரோப்பிய மருத்துவம் இந்தக் கேள்வியோட எழுபது வருசத்துக்கு மேல மல்லுக்கட்டியிருக்கு. ஓ.எல்.லோட விஞ்ஞானத்தைக் கைகழுவிவிட்ட கலைப்பீடக்காரர் நாங்கள். இந்தக் கதைக்குள்ள வந்ததும் முதலாம் உலக யுத்தத்தைப் பற்றி வாசிக்கப் போய்த்தான்.

மேற்பரப்பில் கிடைத்த வெற்றி முதலில். 1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ், பிரேத அறையிலிருந்து நேராகப் பிரசவ விடுதிக்கு வந்த வைத்தியர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமளவில் இருந்த தாய்மார் மரணம், ஜூனில் இரண்டு சதவீதமளவுக்கு இறங்கியது. அவரைப் பலர் நம்பவில்லை. அது பலருக்கும் தெரிந்த கதை, விடுவம்.

லிஸ்டரின் கதையில்தான் எங்களுக்கு வேண்டிய சிக்கல் இருக்கு. 1865 ஓகஸ்ட் 12 அன்று கிளாஸ்கோ றோயல் வைத்தியசாலைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பெடியனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சில்லு ஏறிக் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படியான முறிவென்றால் ஒன்றில் காலை வெட்ட வேணும், இல்லாட்டி காயம் அழுகிச் சாக வேணும். கார்லைல் நகரத்தில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கக் காபோலிக் அமிலம் பாவிக்கிறார்கள் என்று லிஸ்டர் அறிந்திருந்தார். அதில் நனைத்த துணியைக் காயத்தில் வைத்துக் கட்டினார். காயம் சீழ் பிடிக்கவில்லை. ஆனா சுற்றியிருந்த தோல் எரிந்து புண்ணாகியது. அதற்காக அமிலத்தை எண்ணெயில் கலந்து தணிக்க வேண்டி வந்தது. ஆறு கிழமையில் பெடியன் இரண்டு காலோடையும் வீட்டுக்குப் போனான்.

எரிந்த அந்தத் தோல்தான் முக்கியம். கிருமிக்கு நஞ்சென்றால் எங்களுக்கும் நஞ்சு. பிறகு லிஸ்டர் சத்திரசிகிச்சைக் கூடம் முழுக்கக் காபோலிக் புகாரை விசிற வைத்தார். வைத்தியர்களின் கையும் தொண்டையும் புண்ணானதுதான் மிச்சம். காற்றிலுள்ள கிருமியைக் கொல்ல அதைச் சிபாரிசு செய்ததற்கு வெட்கப்படுவதாக 1890 இல் அவரே சொன்னார். அமெரிக்காவில் ஹோல்ஸ்டட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இறப்பர் கையுறை செய்வித்ததும் முதலில் நோயாளிக்காக இல்லை. அவரோடு வேலை செய்த தாதி கரோலைன் ஹம்ப்டனின் கை கிருமிநாசினியால் வெந்து போனதால்தான். (பிறகு இருவரும் கலியாணம் கட்டினது வேற கதை.)

இந்த நம்பிக்கையோடதான் பிரித்தானிய இராணுவ வைத்தியர்கள் 1914 இல் பிரான்சுக்குப் போனார்கள். அங்கே யுத்தம் நடந்தது மாட்டெருப் போட்டு உழுத வயல்களில். குண்டுச் சிதறலோடு மண்ணும் சீருடைத் துணியும் சேர்ந்து சதைக்குள்ள ஆழமாகப் போயின. வாயு அழுகல், ஏற்புவலி என்று ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியர்கள் லிஸ்டரின் பேரைச் சொல்லிக் காயத்துக்குள்ள காபோலிக்கை ஊத்தினார்கள். பலருக்கு நிலைமை மோசமானது.

பூலோன் நகரத்தில், கசினோ ஒன்றை வைத்தியசாலையாக்கிய கட்டடத்தில், அல்ம்ரோத் றைட்டின் ஆய்வுகூடம் இருந்தது. அங்கே வேலை செய்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அடிப்பக்கத்தை முள்ளு முள்ளாக இழுத்து, ஒரு செயற்கைக் காயம் செய்தார். அதைக் கிருமியுள்ள திரவத்தால் நிரப்பிக் கொட்டினார். பிறகு கிருமிநாசினியை நிரப்பி ஒரு இரவு விட்டார். அடுத்த நாள் அதையும் கொட்டிச் சுத்தமான திரவத்தை ஊத்தினால், முள்ளு நுனிகளில் ஒளிந்திருந்த கிருமி திரும்பப் பெருகியது. இன்னொரு பரிசோதனை இதைவிடப் பொல்லாதது: காபோலிக் பற்றீரியாவைக் கொல்வதற்கு முதலே, அவற்றை விழுங்க வந்த வெண்குருதிக் கலங்களைக் கொன்றுவிடுகிறது. வைத்தியர்கள் எதிரியை விட்டுவிட்டு உடம்பின் சொந்தப் படையைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உப்புநீரால் கழுவுவதே மேல் என்றார் றைட். எல்லாரும் கேட்கவில்லை.

அடுத்த அதிசயம் ஜேர்மனியிலிருந்து வந்தது. 1932 கடைசியில் பேயர் ஆய்வுகூடத்தில் கேர்ஹார்ட் டோமாக் ஒரு சிவப்புச் சாயத்தை எலிகளில் சோதித்தார். குழாய்க்குள் பற்றீரியாவை ஒன்றும் செய்யாத அந்தப் பொருள், எலியின் உடம்புக்குள் அதைத் தடுத்தது. காபோலிக்கின் நேர் எதிர்! பரிசின் பாஸ்டர் நிறுவனத்தார் 1935 இல் காரணம் கண்டுபிடித்தார்கள்: உடம்பு சாயத்தை உடைத்து சல்ஃபனிலமைட்டாக மாற்றுகிறது, வேலை செய்வது அதுதான். ஊசி குத்திக் கை அழுகத் தொடங்கிய தன் சொந்த மகளுக்கும் டோமாக் அந்தச் சாயத்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். ஆனா 1937 இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி இதே சல்ஃபனிலமைட்டை டைஎதிலீன் கிளைக்கோலில் கரைத்துப் பாணியாக விற்றது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் கனபேர் பிள்ளைகள். அடுத்த வருசம் அங்கே மருந்துச் சட்டமே மாறியது.

1928 பெனிசிலின் கதையைச் சொல்லும்போது எல்லாரும் பூஞ்சணம் பிடித்த தட்டையும் அதிர்ஷ்டத்தையும் பற்றித்தான் கதைக்கிறார்கள். எங்களுக்கு அது அரைக்கதை. தட்டைக் கண்ட ஃப்ளெமிங் அந்தச் சாற்றை வெண்குருதிக் கலங்களோடும் சேர்த்துப் பார்த்தார். கலங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குப் பழக்கியது பூலோன். இருந்தும் அவரால் அதைச் சுத்திகரிக்க முடியவில்லை.

அந்த வேலை ஒக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோரிடம் வந்தது. 1940 மே மாதம் எட்டு எலிகளுக்குக் கிருமி ஏற்றினார்கள். மருந்து பெற்ற நான்கு பிழைத்தன, மற்ற நான்கும் செத்தன. 1941 பெப்ரவரி 12 அன்று அல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு ஊசி போட்டார்கள். கிருமி அவரின் ஒரு கண்ணை ஏற்கெனவே எடுத்திருந்தது. சில நாட்களில் காய்ச்சல் இறங்கி, சாப்பிடவும் தொடங்கினார். மருந்து முடிந்துகொண்டு வந்தது. அவரின் சிறுநீரைச் சேர்த்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்து, திரும்ப அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் 15 இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு அந்தக் குழு பெரும்பாலும் சிறுவர்களையே தெரிவு செய்தது. சின்ன உடம்புக்குக் கொஞ்ச மருந்து காணும்.