இரண்டாவது பெயர்

2007 டிசம்பர் 15, 16. ஜக்கார்த்தாவில் ‘ஏஷியன் ஐடல்’. இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், வியட்நாம், சிங்கப்பூர் என ஆறு நாட்டு ஐடல் வெற்றியாளர்கள் ஒரே மேடையில். எனக்கு அப்போது பத்து வயசு.

பல நாட்டுப் பாட்டுப் போட்டியை நடத்துகிறவர்களுக்கு மேடை, விளக்கு எல்லாம் பிறகுதான். முதல் தலைவலி ஓட்டு. அவரவர் ஊருக்கே போட்டுக்கொண்டால்? 1956இல் தொடங்கிய யூரோவிஷன், அடுத்த ஆண்டே சொந்த நாட்டுக்குப் போடக்கூடாது என்றது. ஜக்கார்த்தாவில் வேறு வழி பிடித்தார்கள்: ஒரு ஓட்டில் இரண்டு பெயர் இருக்கணும், ஒன்று மட்டும் அனுப்பினால் செல்லாது.

தேக்காவில் அப்பாவின் சிநேகிதர் கடையில் இதற்கே சண்டை. முதல் பெயர் ஹேடி மிர்சா, அதில் பேச்சே இல்லை. இரண்டாவது? கடைக்காரர் அபிஜித் சாவந்த் என்றார், “என்ன இருந்தாலும் இந்தியா இல்லையா?”

“அவர் பாடுறது இந்தி. நமக்கும் அதுக்கும் என்ன ஒட்டு? ஜாக்லின் விக்டர் நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி,” என்றார் அப்பா. ஜாக்லின் மலேசிய இந்தியர்.

ஜெயித்தது ஹேடி. சுமார் 45 லட்சம் பேர் இருந்த ஊர், 20 கோடியைத் தாண்டிய இந்தோனேசியாவை எப்படி முந்தியது? மலாய்க்காரரான அவர் அங்கேயும் மலேசியாவிலும் அந்நியரில்லை. நிறையப் பேருடைய இரண்டாவது பெயர் அவராகத்தான் இருந்திருக்கும். இது என் கணக்கு.

ஏஷியன் ஐடல் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. கடையில் அந்தச் சண்டை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி வரும்.