பதிமூன்றுக்குப் பத்து

டொரண்டோவில் இருக்கும் என் பழைய சகா ஒருவருடன் டிசம்பர் கடைசி வாரத்தில் போனில் பேசினால், ஜூனியர் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டி பேச்சு வந்தே தீரும். போன தடவை அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வட அமெரிக்காவின் பனித்தளம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்தது 60-க்கு 30. நாலு மீட்டர் அகலம்தான் வித்தியாசம். ஆனால் பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் சுமார் 14 சதவீதம் கூடுதல். குறுகிய தளத்தில் வளர்ந்த கனடாப் பையன் பலகையோரம் மோதி இடித்து ஆடப் பழகுகிறான். அகலத் தளத்தில் வளர்ந்த ஸ்வீடன் பையன் இடம் தேடிச் சறுக்கிப் பக்கைக் கடத்தப் பழகுகிறான். "உங்க ஊர்ல இந்த மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் அது புரிய இருபத்தைந்து வருஷம் ஆனது.

எங்கள் ஊர் மரக்காணம் பக்கம். பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியும் இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் உப்பளப் பாத்திகளையும் வெள்ளை அம்பாரங்களையும் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி எல்லாம் மூழ்கிவிடும், வேலை இருக்காது. அந்த மாசங்களில் பையன்களுக்குக் கபடிதான். ஆடியது அளத்து வரப்புக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவே, உப்பு கொட்டி வைக்கும் மேட்டில். இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்தால் லெஃப்ட் கார்னர். ரைட் கார்னரில் நின்றவன் என் சேக்காளி. அவன் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான், யாரும் உருவிக்கொண்டு போனதில்லை.

அக்கம்பக்கத்து ஊர்கள் எங்கள் மேட்டுக்கு வந்தால் தோற்றுத்தான் போவார்கள். நாங்கள் வெளியே பொங்கல் டோர்னமெண்டுக்குப் போனால் முதல் சுற்றிலேயே திரும்பி வருவோம். "உப்பளத்துப் பசங்களுக்குச் சொந்த மண்ணுலதான் வீரம்" என்று கேலி. நாங்களும் அதை நம்பினோம். மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது சேக்காளியும் போனான். கால் வேகம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவன் எங்கும் போகவில்லை. இன்றைக்கும் அளத்தில்தான் வேலை.

டொரண்டோக்காரர் கேட்ட கேள்வியோடு இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். டேப்பை எடுத்துக்கொண்டு அந்த மேட்டை அளந்தோம். சேக்காளி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். அகலம் எட்டு மீட்டர், கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.

கபடி விதி என்ன சொல்கிறது? பழைய விதிப்புத்தகங்களில் ஆண்கள் ஆடுகளம் 12.5-க்கு 10 மீட்டர். பிறகு அது 13-க்கு 10 ஆனது. அகலம் மாறவில்லை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மீட்டர் லாபி. பாடி வருகிறவர் யாரையாவது தொட்ட பிறகுதான் லாபி திறக்கும். அதுவரை உள்ளகலம் எட்டு மீட்டர்தான். நாங்கள் இருந்த எட்டு மீட்டரிலேயே லாபிக்கும் கோடு போட்டோம். ஆக, எங்கள் உள்ளகலம் ஆறு.

கணக்கு சாதாரணம். ஒரு பாதிக்களம் 6.25 மீட்டர் ஆழம். எங்கள் மேட்டில் ஏழு பேர் காக்க வேண்டியது 37.5 சதுர மீட்டர். வெளியூரில் 50. மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! எங்கள் செயினில் கை கோத்தால் கோட்டிலிருந்து கோடு வரை அடைத்துவிடும். வெளியூரில் கார்னருக்கும் கவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்து. சேக்காளியின் கால் வேகத்தில் குறையில்லை. அவன் கால் ஆறு மீட்டருக்குப் பழகின கால்.

இதை வைத்துக்கொண்டு சர்வதேச கபடியைத் திரும்பப் பார்த்தேன். ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாக நுழைந்தது. அதிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழும் இந்தியாவுக்கே. பாகிஸ்தானுக்கு ஒன்றுகூட இல்லை. அதே பாகிஸ்தான், அணிக்கு நாலு பேர் மட்டும் ஆடும் கடற்கரைக் கபடியில், 2016 டா நாங் ஆசியக் கடற்கரைப் போட்டி இறுதியில் இந்தியாவை 30-28 என்று வென்றது. பஞ்சாபின் வட்டக் கபடியில், 2020 லாகூர் உலகக் கோப்பை இறுதியில் 43-41 என்று வென்றது. லாகூருக்குப் போன இந்திய அணிக்கு முறையான அனுமதி இல்லை என்று சர்ச்சை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வட்டக் கபடியில் செயின் கிடையாது. திறந்த திடலில் ஒருத்தனுக்கு ஒருத்தன் மல்லு. நாடு அதேதான், மக்கள் அதேதான். களமும் தலைக்கணக்கும் மாறினால் யார் வல்லவர் என்பதும் மாறுகிறது.

ஆனால் அளவு மட்டுமே காரணம் என்று எழுதினால் அது தப்பு. 2018 ஜகார்த்தாவில் ஈரான் அரையிறுதியில் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தித் தங்கமும் வாங்கியது, இதே 13-க்கு 10 களத்தில். அது மல்யுத்த மரபில் ஊறிய நாடு. பிடியை முறையாகக் கற்று வந்தார்கள். மண்ணிலிருந்து மேட்டுக்கு, அதாவது ரப்பர் விரிப்புக்கு, ஆட்டம் மாறியதும் ஒரு காரணி. ஒரே சமயத்தில் நாலு வேரியபிள் மாறினால் எதன் மேல் பழி போடுவது? டீபக் செய்கிறவனுக்கு இது தெரியும்.

ஜூனியர்களிடம் வந்தால் படம் கொஞ்சம் தெளிவாகிறது. விதிப்படி சப்-ஜூனியர் பையன்களுக்கும் பெண்களுக்கும் களம் 11-க்கு 8. ஜூனியர் ஆனதும் பெண்களுக்கு 12-க்கு 8. பையன்களுக்கு நேராகப் பெரியவர்கள் களம், 13-க்கு 10. லாபியைக் கழித்துப் பாதிக்களம் போட்டுப் பாருங்கள். சப்-ஜூனியர் 33 சதுர மீட்டர். ஜூனியர் பெண்கள் 36. ஜூனியர் பையன்கள் 52. பெண்ணுக்கு 9 சதவீதம் கூடுகிறது, பையனுக்கு 58 சதவீதம். பாக் லைனும் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் இருந்தது, அவனுக்கு 3.75-க்குத் தள்ளிப் போகிறது.

ஒரு பையன் பதினாறு வயதைத் தாண்டும்போது இந்தத் தாவல் அவன் தலையில் விழுகிறது. நகரத்து அகாடமியில் இருப்பவனுக்கு அது ஆறு மாசப் பழக்கம். பெரிய களமே இல்லாத ஊரில் இருப்பவனுக்கு? செலக்‌ஷன் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த அகலத்தைப் பார்ப்பான். அங்கே நோட்டில் ஏறுவது "கால் வேகம் போதாது". ஊர்க்களம் எத்தனை மீட்டர் என்று கேட்கிற கட்டம் அந்த நோட்டில் நான் பார்த்ததில்லை.

2023 மார்ச்சில் ஈரானின் உர்மியாவில் நம் ஜூனியர் பையன்கள் ஈரானை 41-33 என்று வென்று உலகப் பட்டம் வாங்கினார்கள். ஆகவே தாவ முடியாத தாவல் இல்லை அது. பழக இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அளந்து முடித்ததும் சேக்காளி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டு மீட்டருக்காடா?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மறுநாள் காலையில் அவனே வந்து எழுப்பினான். ரோட்டுக்கு மேற்கே ஒரு காலியிடம் கேட்டு வைத்திருந்தான். முள்ளை வெட்டி, பதிமூன்றுக்குப் பத்து அளந்து, சுண்ணாம்பு கிடைக்காததால் உப்பாலேயே கோடு போட்டோம். அவன் தங்கச்சி மகன் ஒன்பதாவது படிக்கிறான். ரைட் கார்னரில் போய் நின்று பார்த்துவிட்டு, "மாமா, இது ரொம்பப் பெருசா இருக்கே" என்றான்.

"இப்பவே பாத்துக்கடா" என்றான் சேக்காளி.