ஃபிக்ஸ்: பசையா, ஆணியா?

திருவான்மியூரில் பெயர்க்காரணம் சொல்லாதவர் குறைவு. ஊர்ப்பெயரே வான்மீகி முனிவரால் வந்தது என்பார்கள், அது இருக்கட்டும். அண்மையில் காதில் விழுவது வேறு: ‘பச்சக்’கென்று ஒட்டிக்கொண்டது என்கிறோமே, அந்தப் ‘பச்சக்’தான் ஆங்கிலத்தில் ‘ஃபிக்ஸ்’ ஆனதாம். ஓசை ஒத்தால் போதுமென்றால் எதையும் எதிலிருந்தும் வருவிக்கலாம்.

மூலம் லத்தீன் ‘ஃபீகெரே’. அது ஒட்டுவதன்று, குத்திச் செருகுவது, ஆணியடிப்பது. கடைசியிலுள்ள ‘க்ஸ்’ வேரிலேயே இல்லை, ‘ஃபிக்ஸுஸ்’ என்னும் எச்ச வடிவில் தோன்றியது. முதலிலுள்ள ‘ஃப’வோ பழைய தகர ஒலியொன்றின் திரிபு, முளைவிடுதலைக் குறிக்கும் லிதுவேனிய உறவுச்சொல் இன்னும் தகர இனத்து ஒலியில்தான் தொடங்குகிறது. பகரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆடையைக் குத்தி மாட்டும் ஊசியை ரோமர்கள் ‘ஃபிபுலா’ என்றதும் இவ்வேரால்தான். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பு அந்த ஊசியின் பெயரைச் சுமக்கிறது.

ஆணி எப்படி ‘முடிவு’ ஆயிற்று? ரோமில் சட்டங்களை வெண்கலப் பலகையில் பொறித்துப் பொது இடத்தில் அறைந்து வைத்தார்கள். அறைந்தால் சட்டம், பிடுங்கினால் ரத்து. காசு வாங்கிக்கொண்டு சட்டங்களை அறைந்தும் பிடுங்கியும் வந்தவனை ரோமக் கவிஞர் வர்ஜில் ‘ஈனெய்டு’ காவியத்தின் ஆறாம் காண்டத்தில் நரகத்தில் தள்ளியிருக்கிறார். அங்கே வருவது இதே வினை. 2000-இல் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் தலைவர் ஹான்சி குரோனியே புண்ணியத்தில் ஊரெல்லாம் பேசிய ‘மேட்ச் ஃபிக்ஸிங்’ வர்ஜிலுக்குப் புதிதாக இருந்திருக்காது.

திருவான்மியூருக்கு அருகே டைடல் பார்க் என்னும் மென்பொருள் வளாகம் திறந்ததும் அதே ஆண்டு. அங்கே ‘பக்’கை ஃபிக்ஸ் பண்ணினால் பழுது நீங்கியது என்று பொருள்; அமெரிக்காவில் வளர்ந்த பொருள் அது. பக்கத்திலேயே திருவான்மியூர் எலெக்ட்ரீஷியன் ஃபேனை ஃபிக்ஸ் பண்ணினால் மாட்டினார் என்று பொருள். லத்தீனுக்கு நெருங்கியவர் இவர்தான்.

தமிழில் இணை தேடுவோர் பசையை விட்டு ‘அறை’க்கு வரட்டும். ஆணியும் அறைவது, முரசும் அறைவது. மணிமேகலையின் முதற்காதையே விழாவறை காதை. இந்திர விழாவை முரசறைந்து ஊருக்குச் சொல்வது அது. வள்ளுவர் கயவரை அறைபறைக்கு ஒப்பிட்டார். ‘அறைகூவல்’ இன்றும் வழக்கில் உண்டு. முடிச்சும் முடிவும் பிறந்த ‘முடி’யே சரியான இணை என்பாரும் உளர். கயிறு வேறு, ஆணி வேறு.

கல்யாணத் தேதி ‘ஃபிக்ஸ்’ ஆவதும் அந்த வெண்கலப் பலகையின் வழிவந்ததே என்பது என் துணிபு. அறைவதும் அறிவிப்பதும் இங்கும் ஒரே வினையாக அமைந்ததைத் தற்செயல் என்பவர் சொல்லிக்கொள்ளட்டும், நான் ஒப்பமாட்டேன்.