வலி பிறக்குமிடம்

திண்டுக்கல் நாகல் நகர் நெசவாளர் வாழும் பகுதி. குழித்தறியில் அமர்ந்து, குழிக்குள் இறக்கிய கால்களால் மிதிகட்டைகளை மாறி மாறி மிதிப்பவர், மாலையில் எழும்போது இடுப்பின் ஒருபுறத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வலி எங்கே பிறக்கிறது? இதற்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் அலைந்தது.

முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு, இருபுறமும் இடுப்பெலும்புகளோடு மூட்டாக இணைகிறது. மேலுடலின் பாரத்தைக் கால்களுக்கு இறக்கும் பாலம் அதுவே. 1905-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர்களான கோல்ட்வெயிட்டும் ஆஸ்குடும் இம்மூட்டின்மீது கவனத்தைத் திருப்பினர். பின்னர் மருத்துவர் சிலர் அறுவையால் அவ்வெலும்புகளை ஒன்றாக்கவும் முயன்றனர். 1934-இல் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை எடுத்துக்காட்டினர். உடனே பழி தட்டின்மேல் சென்றது, மூட்டு மறக்கப்பட்டது.

மூட்டை மீண்டும் நினைவூட்டியது ஊசி. 1994-இல் ஃபோர்ட்டின் குழுவினர், வலியற்ற 10 பேரின் மூட்டினுள் எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்தபடி மருந்து செலுத்தி, எழுந்த வலியின் எல்லையை வரைந்தனர். இன்று, மரப்பு மருந்து செலுத்தியதும் வலி தணிந்தால் மூட்டின்மீது ஐயம் வலுக்கிறது. ஒரே ஊசி ஏமாற்றவும் கூடுமாதலால், வேறொரு நாளில் மீண்டும் சோதிப்பதும் உண்டு. ஸ்டீராய்டு ஊசியும், ரேடியோ அலை வெப்பத்தால் சிறு நரம்புகளின் உணர்வை அடக்கும் முறையும் சிலருக்குச் சில காலம் ஆறுதல் தருகின்றன, எல்லார்க்கும் அன்று.

மாணவர்களே, வலி ஒன்றே. பழி மட்டும் இடம் மாறியது. இடம் அறிந்த பின்னரே மருந்து என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.