மின்னூல்: பிடிஎஃபா, ஈபப்பா, மோபியா?

திருச்சி பாலக்கரையில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்களே என்று ஆறு அங்குல மின்னூல் கருவி வாங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் நூல்களை எல்லாம் அத்தா அதில் ஏற்றினார். திறந்து பார்த்தால் எழுத்து எறும்பு அளவில்! ஒரே வாரத்தில் கருவி அலமாரிக்குள் போய்விட்டது.

கோளாறு கருவியில் இல்லை, கோப்பின் வடிவத்தில்தான். 1993-இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப், அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டுவதற்காக உருவானது. ஏ4 தாளுக்கு அமைத்த பக்கம் சிறிய திரையில் சுருங்கத்தான் செய்யும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஈபப் அப்படியல்ல. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். பார்வை மங்கிய நன்னிமாருக்கும் இதுவே வசதி.

மோபி இப்போது பழங்கதை. கிண்டிலுக்கு அனுப்பும் சேவையில் 2022 முதல் அமேசானே ஈபப்பை ஏற்கிறது, மோபியைக் கைவிட்டுவிட்டது. எனவே சேமித்து வைப்பதை ஈபப்பாக வைப்பதே நல்லது.

தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பழைய பிடிஎஃப்கள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளவை. காலிபர் மென்பொருளில் போட்டு ஈபப்பாக மாற்றினால் புரியாத குறிகள்தான் வரும். சோதிக்க எளிய வழி: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் மாற்றலாம். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம், ஸ்கேன் செய்தது.

குர்ஆன் விஷயத்தில் மட்டும் நாம் பிடிஎஃப் பக்கம் நிற்கிறோம். மதீனா முஸ்ஹஃபுக்கு 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. ஹிஃப்ழு ஓதும் பிள்ளைக்கு ஆயத் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே மனதில் பதிகிறது. வரிகள் இடம் மாறினால் அந்த நினைவு குழம்பும். அதற்குப் பெரிய டேப்லெட்தான் சரி. தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் வாசிக்க ஈபப் போதும்.

எங்கே எடுப்பது? ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் 2013 முதல் ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று இலவசமாகத் தருகிறது. நூலாசிரியர்களே அனுமதித்தவை என்பதால் தயங்க வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் சுஜாதா நாவல்களின் கதை வேறு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த அவர் 2008-இல் காலமானார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை, அதாவது 2068 இறுதி வரை, அந்த நூல்களுக்குப் பதிப்புரிமை உண்டு. விலையில்லாமல் வந்துவிட்டது என்பதற்காக அது நம் ஹக் ஆகிவிடாது.

பாலக்கரை அத்தா அந்தப் பிடிஎஃப்களை அழித்துவிட்டு, நான்கு ஈபப் நூல்களை ஏற்றியிருக்கிறார். இப்போது கருவி அதிகமாக இருப்பது நன்னியின் கையில்தான்.