அழித்தெழுதும் சில்லின் கதை



2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததையும் பள்ளிகள் மூடிக் கிடந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடமெல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள் நம் லயங்களில் எத்தனை! "சார், உங்க படம் அப்படியே நிக்குது!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். எனக்கோ எரிச்சலாக வரும். அந்தப் படம் ஓடியதே பெரிய காரியம் என்பது பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வீடியோ என்பது வேகமாகப் புரட்டப்படும் படங்களின் கட்டு. வீடியோ தொலைபேசிக்கென 1980களில் வகுத்த அளவின்படி, ஒரு படத்தில் குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 புள்ளி. பெருக்கினால் 101,376. புள்ளி ஒன்றுக்குச் சராசரி 12 பிட். பிட் என்றால் சுழியோ ஒன்றோ, அவ்வளவுதான். விநாடிக்கு 30 படம் என்றால் ஏறக்குறைய 3 கோடியே 65 லட்சம் பிட். அன்றைய டிஜிட்டல் தொலைபேசித் தடம் ஒன்று விநாடிக்கு 64,000 பிட்தான் கொண்டுபோகும். 570 பங்கில் ஒரு பங்கு! யானையைப் பால்மங்குக்குள் அடைக்கச் சொன்ன கதைதான்.

எப்படி அடைத்தார்கள்? நம் கிராணியார் செக்ரோல் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று வந்த ஆள் இன்றும் வந்தால் ஒரு சின்னக் குறி போதும். மாற்றம் இருந்தால்தான் விவரம் எழுதவேண்டும். வீடியோவிலும் முந்தைய படத்திலிருந்து எது மாறியது, எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் அனுப்பினால் போதும்.

இன்னொரு வழியைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அஹ்மத். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். படத்தை 8க்கு 8 என்று சின்னப் பெட்டிகளாக வெட்டி, அந்த 64 புள்ளிகளையும் வேறு 64 எண்களாக மாற்றும் கணக்கு அது. வெள்ளைச் சுவர் போன்ற இடமாக இருந்தால் ஓரிரு எண் மட்டும் பெரிதாக வரும். மற்றவை சுழிக்கு அருகில் வரும், அவற்றைத் தள்ளிவிடலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 1972இல் இதை ஆராயப் பணம் கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதாம்! மனிதர் விடவில்லை. தம் மாணவர் நடராஜனையும் நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் கட்டுரை வெளியானது. 1990இல் வீடியோ தொலைபேசிக்கு எச்.261 என்ற உலக விதி முழுமை பெற்றபோது, அந்தச் 'சாதாரண' கணக்குதான் அதன் நடுவில் நின்றது.

வழி கிடைத்தது. செய்வதற்கு ஆள் வேண்டுமே! ஒரு பெட்டி எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிக்க, முந்தைய படத்தில் 961 இடங்களில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்படி எல்லாப் பெட்டிக்கும் பார்த்தால் விநாடிக்கு 292 கோடி கழித்தல் கணக்கு வரும். அதையும் உடனுக்குடன் முடிக்கவேண்டும். வெட்டிய பால் உறைவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேரவேண்டும் அல்லவா? அதுபோல, அடுத்த படம் வருவதற்குள் இந்தப் படத்தின் கணக்கு முடிந்தாகவேண்டும்.

இதற்கென்றே சில்லு செய்து, கணக்கை அதிலேயே செதுக்கிவிடலாம். கல்வெட்டு மாதிரி, வேகம் உண்டு, மாற்ற முடியாது. அந்த நாளிலோ விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. 1993இல் எம்பெக்-1, அடுத்து எம்பெக்-2, 1996இல் எச்.263. நேற்றுச் செதுக்கியது இன்று குப்பைக்குப் போகும். ஆகவே சிலேட்டு மாதிரி அழித்தெழுதும் சில்லு தேவைப்பட்டது. அதற்குப் பெயர் டிஎஸ்பி. ஒலியையும் படத்தையும் எண்களாக வாங்கி, பெருக்கிக் கூட்டுவதில் கெட்டிக்காரச் சில்லு.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் 1972 முதலே அதற்கு ஆலை உண்டு. 1978இல் அது பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் பேசும் பொம்மை ஒன்றை வெளியிட்டது. பேச்சொலியை ஒரே சில்லில் உண்டாக்கியது அது. பிறகு 1983இல் விநாடிக்கு 50 லட்சம் கட்டளை நிறைவேற்றும் டிஎஸ்பி சில்லை விற்பனைக்கு விட்டது. பேச்சுக்குச் சரி, வீடியோவுக்கு எந்த மூலைக்கு?

1994இல் சி80 வந்தது. ஒரே சில்லுக்குள் நான்கு டிஎஸ்பி, அவற்றை மேய்க்க ஒரு சட்டாம்பிள்ளைச் செயலி. விநாடிக்கு 200 கோடி வேலை! அதுவும் மேலே சொன்ன 292 கோடிக்கு எட்டாது, பார்த்தீர்களா? ஆனால் சிலேட்டாயிற்றே, வழியை மாற்றி எழுதலாம். காணாமற்போன ஆட்டை முதலில் தூரத் தூரமாகத் தேடி, பிறகு நெருங்கி நெருங்கித் தேடுவது போல் எழுதினால், 961 இடத்துக்குப் பதில் 33 இடம் பார்த்தால் போதும். கணக்கு 10 கோடியாகக் குறைந்துவிடும். சில சமயம் சரியான இடம் தவறிப்போகும், அது உண்மைதான்.

இந்தச் சில்லுக்கு நிரல் எழுதியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐந்து செயலிக்கும் தனித்தனியே வேலை பிரித்து, ஒன்றையொன்று இடிக்காமல் ஓட்டவேண்டும். ஒரே அறையில் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்திய எனக்கு அந்தத் தொல்லை நன்றாகவே புரிகிறது. 1997இல் வந்த சி6201 ஒரே செயலிதான். ஆனால் ஒரே நேரத்தில் எட்டுக் கட்டளை. சாதாரண மொழியில் எழுதிக் கொடுத்தால், எட்டாகப் பிரிக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கம்பைலர் மென்பொருளே பார்த்துக்கொண்டது. எழுதுபவர்கள் மூச்சு விட்டார்கள்.

2003இல் எச்.264 விதி வந்து உலகமெங்கும் நிலைத்தபின், கைப்பேசிகளில் கதை திரும்பிவிட்டது. மாறாத விதியை மறுபடியும் சில்லிலேயே செதுக்குகிறார்கள், மின்கலம் சீக்கிரம் தீராது என்பதால். பழைய கைப்பேசியில் புதிய விதிப்படி வீடியோ வந்தால், அதன் பொதுச் செயலிதான் எல்லாக் கணக்கையும் போட்டுத் தவிக்கும். பாடம் பார்க்கையில் போன் சூடேறியதற்கு அதுவும் ஒரு காரணம். மாணவர்களே, லைன் இல்லாமல் படம் கட்டம் கட்டமாக உடையும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தக் கட்டங்கள், 1974இல் அஹ்மத் வெட்டிய பெட்டிகளின் வழிவந்தவை.