பத்து மீட்டர் காடு
காடு ஓர் உயிர்; பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து நிலைகொள்ளும் என்று 1916இல் எழுதினார் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ். அதெல்லாம் இல்லை, அதனதன் பாட்டுக்கு வந்து சேர்ந்த மரங்களின் கூட்டம்தான் காடு என்று 1926இல் மறுத்தார் ஹென்றி கிளீசன். வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. மரத்தின் ஆயுளுக்கு முன்னால் ஆய்வாளரின் ஆயுள் எம்மாத்திரம்? கூட இருந்து பார்த்துச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. 1972இல் வெளிவந்த 'ஜபோவா' என்ற கணினி மாதிரிதான் கிளீசன் பக்கம் வந்து நின்ற வலுவான சாட்சி என்பேன். கணினியின் வேகத்தைவிட, அதற்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டவையே அந்த வலுவுக்குக் காரணம்.

ஜனக், பாட்கின், வாலிஸ் என்ற மூவரின் பெயர்களை வெட்டி ஒட்டியதுதான் 'ஜபோவா'. பாட்கின் சூழலியலாளர், மற்ற இருவரும் ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டை அவர்கள் பத்துக்குப் பத்து மீட்டர் துண்டுகளாக்கினார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இனம், தண்டின் விட்டம், அவ்வளவுதான். விட்டத்திலிருந்து உயரமும் இலைப்பரப்பும் கணக்காகும். உயர்ந்த மரத்தின் இலை தின்றதுபோக மிஞ்சும் வெளிச்சமே கீழே நிற்பதற்கு. ஓராண்டில் 0.1 மி.மீ. கூடப் பருக்காத மரம் அடுத்த பத்தாண்டைத் தாண்டும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. அதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இதில் காட்டின் முதிர்ச்சி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் வெட்டவெளியில் முதலில் செர்ரி எழுந்தது, பிர்ச் அதை மேவியது, கடைசியில் மேப்பிளும் பீச்சும் நிலைத்தன. மலையில் ஏற ஏற ஸ்ப்ரூஸும் ஃபரும் கைப்பற்றின.

போட்டதுதானே வெளியே வரும் என்பார்கள். நிழல் தாங்கும் மரம், தாங்காத மரம் என்ற பாகுபாட்டை உள்ளே வைத்தவர்கள் அவர்கள்தான், உண்மை. ஆனால் அது தனி மரத்தின் குணம். யார் முன், யார் பின் என்ற வரிசை அதில் எழுதப்படவில்லை. மரம் எங்கே நிற்கிறது என்பதுகூட இல்லையே என்ற குறையும் சரிதான். 1964லேயே கனடாவில் நியூன்ஹாம் என்பவர் டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு இடம் குறித்துக் கணக்கிட்டிருந்தார். ஆனால் ஒரே இனத்துக் காட்டை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எனக்குப் பதில் கிடைக்காத இடம், எந்த இனம் எவ்வளவு குளிர் தாங்கும் என்று ஜபோவா போட்ட வெப்பநிலைக் கணக்குதான். மரம் இன்று எங்கே பரவியிருக்கிறது என்ற வரைபடத்தைப் பார்த்து, அதுவே அதற்கு ஏற்ற குளிர் என்று எடுத்துக்கொண்டார்கள். போட்டியில் தோற்று விரட்டப்பட்ட மரமும் குளிர் தாங்காத மரமாகிவிடும். ஸ்ப்ரூஸின் வெற்றியில் பாதியை அதனால் தள்ளியே வைக்க வேண்டும்.

குலுக்கலுக்கு வைத்த எண்ணும் ஊகம்தான். அதை அளந்தே அறிய, 1990களில் ஸ்டீபன் பக்காலாவும் கூட்டாளிகளும் 'சோர்ட்டி' மாதிரிக்காக கனெக்டிகட் காட்டுக்கே போனார்கள். மீன்கண் லென்ஸால் வானைப் படமெடுத்து ஒவ்வொரு கன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சத்தை அளந்தார்கள். உயிரோடு நின்றவற்றோடு, அண்மையில் பட்டுப்போன கன்றுகளையும் வெட்டி, சாகும் முன் அவை போட்ட கடைசி வளையங்களின் அகலத்தைப் பார்த்தார்கள்.